மார்ச் பதினெட்டின் நிறம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலண்டர் வேலை இன்று ஆரம்பம். ஊரில் பாதிப் பேருக்கு இந்த வருஷமே இன்னும் பிடிபடவில்லை, நாங்கள் அடுத்த வருஷத்துக்குள் தலையை நுழைத்தாகிவிட்டது. ஆகஸ்டிலேயே எனக்கு வயது ஒன்று கூடிவிடுகிறது.

அப்பா பிரித்துக் கொடுத்த வேலைதான் இன்றும். கருப்பு பிளேட் என்னுடையது, சிவப்பு பிளேட் அண்ணனுடையது. எங்கள் மிஷினில் ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் ஏறும். முதலில் சிவப்பு ஓடும். காய்ந்ததும் அதே தாளில் கருப்பு ஓடும். அவர் பிளேட்டை நான் சரிபார்ப்பேன், என் பிளேட்டை அவர் சரிபார்ப்பார். "உழைக்கற நாளெல்லாம் உனக்கு, ஓய்வு நாளெல்லாம் எனக்கு" என்று அண்ணன் அப்பா காலத்திலிருந்தே கேலி செய்துகொண்டிருக்கிறார்.

நகரசபையிலிருந்து விடுமுறைப் பட்டியல் வந்தது. மார்ச் 18-க்கு எதிரே மட்டும் "முடிவு நிலுவையில்" என்று போட்டிருந்தது. கரை மேயர் நாள். நான் பிறந்ததிலிருந்து அது சிவப்பு. அப்பா பிறந்ததிலிருந்தும் சிவப்பு.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த கதை இவ்வளவுதான்: பெருவெள்ளம் வந்த அன்று மேயர் தன் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி மதகை மூடினார், ஊர் பிழைத்தது. சொல்லிக் கொடுக்காதது: திறந்திருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும். மூடியதால் மொத்தமும் எதிர்ப்பக்கம் தாழ்கரைக்குப் போனது. அங்கே இருந்தவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் ஊர்ப்பக்கத்தில் பிறந்தவள். தாழ்கரைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"என்ன நிலுவை? சிவப்புதான்" என்றார் அண்ணன், தலையைக்கூடத் தூக்காமல். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தால் தானாகவே சிவப்பாகியிருக்கும், யாருக்கும் வம்பில்லை. புதன்கிழமையில் வந்து தொலைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டு முன்னறையில் இவருடைய அலமாரியைத் துடைக்கப் போனால் அண்ணன் என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறார். அண்ணன் என்றால் அண்ணனுடைய தாடை. பிளாஸ்டர் அச்சு. இவருக்குப் பல்செட் செய்கிற தொழில்; ஊரில் முக்கால்வாசிப் பேரின் வாய் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அண்ணனுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று போய் இரண்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார், புது மருமகள் மாதிரி. பல் தயாராகிவிட்டது. ஒரே ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் அளவு பார்த்துப் பொருத்திவிடலாம். பொருத்தியதும் இவர் எல்லோரையும் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொல்வார், காற்று கசிகிறதா என்று கண்ணை மூடிக் கேட்பார்.

மகள் சட்டம் படிக்கிறாள். படிக்கப் போவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அவள் பெயர் வக்கீல். விடுமுறையை ரத்து செய்யச் சொல்லும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள்: "நம்ம காலண்டர்ல என்ன கலர்மா?"

"முடிவு நிலுவையில்" என்றேன்.

"உன் முடிவா, நகரசபை முடிவா?"

இவர்தான் காப்பாற்றினார். "உங்க மாமாவுக்குப் பல்லைப் பொருத்தற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே. கோபத்துல வாயை இறுக்கினா அளவு தப்பிடும்."

இவர் அந்த நாளைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. ஆனால் வருஷா வருஷம் மார்ச் 18 அன்று ஊரே கடையை அடைக்கும்போது முன்னறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார். அரம் தேய்க்கிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கேட்கட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எல்லாம் கெட்டுப் போயிற்று.

அண்ணனும் அண்ணியும் மதியம் சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டதும் பல் பொருத்துவதாக ஏற்பாடு. வக்கீல் பாதிச் சாப்பாடு வரைக்கும்தான் பொறுத்தாள்.

"மாமா, தாழ்கரையில அத்தனை பேர் செத்ததுக்கு லீவு விடறோமேன்னு உங்களுக்குத் தோணலையா?"

"மதகை மூடலன்னா நம்ம ப்ரெஸ் தெருவே இல்ல. உங்க அம்மா இல்ல, நான் இல்ல, நீ இல்ல. லீவு வேணாம்னு சொல்றதுக்கே ஆள் இருக்காது" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வாயை மூடிக்கொண்டு.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க கொள்ளுப்பாட்டி கூரை மேல உக்காந்திருந்தாங்களாம், மச்சான். எதிர்க்கரையில ஊர்ஜனம் லாந்தரோட நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அந்தக் கூட்டத்துல எங்க ஆளுங்களும் நின்னிருப்பாங்க. அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும், மாப்பிள்ளை?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பேச்சு வந்துச்சு, சொன்னேன்."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து செருப்பைத் தேடினார். அண்ணி பாதி டம்ளர் தண்ணீரோடு எழுந்தாள். பல் அங்கேயே கிடக்கிறது, சின்ன டப்பாவில், பஞ்சின் மேல்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வக்கீலின் மேலா? அவள் கேட்டது தப்பில்லையே. இவர் மேலா? இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். அண்ணன் மேலா? எங்கள் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை, தாழ்கரை வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தது அண்ணன்தான். பேனா எழுதவில்லை என்று உதறி உதறி என் புதுத்துணியெல்லாம் மை. அந்தத் துணி இன்னும் இருக்கிறது. அந்தக் கறை போகவே இல்லை, அச்சுக்காரன் வாங்கிய மை அல்லவா.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நானே ஆரம்பித்தேன். மிஷின்காரர் முன்னாலேயே சொன்னேன்: "நகரசபை முடிவு பண்ற வரைக்கும் அது சாதாரண நாள். பதினெட்டு என் பிளேட்டுல வரும்."

"வரட்டும். என் பிளேட்டுலயும் வரும்" என்றார் அண்ணன். "ஒண்ணு மேல ஒண்ணு விழட்டும். என்ன கலர் வருதுன்னு பாப்போம்."

என்ன கலர் வரும் என்று அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிவப்பின் மேல் கருப்பு ஏறினால் காய்ந்த ரத்தம் மாதிரி வரும். அப்பா அந்தத் தாளைக் கண்டால் கிழித்து எறிவார்.

அதற்குமேல் என்னவோ சொன்னேன். அவரும் சொன்னார். கடைசியில் அவர், "இந்த சீசன் முடியட்டும், பிரிச்சுக்கலாம். நீ ஒரு மிஷினை வச்சுக்கோ, நான் ஒரு மிஷினை வச்சுக்கறேன்."

"இருக்கறதே ஒரு மிஷின்தானே" என்று மிஷின்காரர் எண்ணெய்க் கேனைப் பார்த்து முணுமுணுத்தார்.

பிரிச்சுக்கலாமாம். எவ்வளவு லேசா சொல்லிட்டார். பொட்டிக்கடை பாரு, ஆளுக்குப் பாதி மிட்டாய் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு. மேஜை அவர் மேஜை, நாற்காலி என் நாற்காலி, சரி — அப்பா யார் பக்கம் போவார்? அந்தச் சுவரிலே மாட்டியிருக்கிற அப்பா?

ஆகஸ்ட் 21, வியாழன்

பேச்சு வார்த்தை கிடையாது. "பேப்பர் வந்துடுச்சான்னு பெரியவர் கேக்கறார்" என்று மிஷின்காரர் என்னிடம் கேட்கிறார். பெரியவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிற்கிறார். "வந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்கிறேன். மிஷின்காரருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மொத்தமாக வாங்குகிறவர்கள் தினமும் தொலைபேசியில். ஒரு பள்ளிக்கூடம் சிவப்பு இல்லையென்றால் வேண்டாம் என்கிறது. தாழ்கரைப் படகுக்காரர் சங்கம் சிவப்பு என்றால் வேண்டாம் என்கிறது. மருந்துக்கடைக்காரர் மட்டும், "எந்தக் கலர்ல வேணா போடுங்கம்மா, ஆணி அடிக்கற ஓட்டை பெருசா இருக்கணும்" என்றார். அவரைக் கும்பிடத் தோன்றியது.

சிவப்பு பிளேட்டை அண்ணன் சரிபார்க்க என்னிடம் அனுப்பவில்லை. நானும் கருப்பை அனுப்பவில்லை. இது வரைக்கும் ஒரு வருஷம்கூட இப்படி நடந்ததில்லை.

செப்டம்பர் 6, சனி

நகரசபை மண்டபத்தில் இன்று மக்கள் கருத்துக் கேட்டார்கள். இவர் வரவில்லை, "எனக்குப் பல்லு வேலை இருக்கு" என்றார். நான் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், யார் பக்கத்து வரிசை என்று தெரியாத இடமாகப் பார்த்து.

பேசுகிறவர்கள் ஒலிபெருக்கி முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். வக்கீல் நின்றாள். அவளுக்கு நேர் பின்னால் அண்ணன். ஊரில் இத்தனை ஜனம் இருக்க அவருக்கு அங்கேதானா இடம் கிடைக்க வேண்டும்? வெள்ளைச் சட்டை, பையில் மடித்த காகிதம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

வக்கீல் நன்றாகப் பேசினாள். கத்தவில்லை. "மதகை ஏன் மூடினார்னு நான் கேக்கல. மூடினது சரியாகூட இருக்கலாம். மூடறதுக்கு முன்னாடி தாழ்கரைக்கு ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம். 'ஏறி ஓடுங்க'ன்னு கத்த ஒரே ஒரு ஆள். அனுப்பலை. அந்த அனுப்பாத ஆளுக்காகத்தான் கேக்கறேன்." பாதி மண்டபம் கை தட்டியது. அவள் பேசும்போது அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்த காகிதத்தை எடுத்து, திரும்பவும் பையில் வைத்தார்.

அவர் முறை. "நான் காலண்டர் அடிக்கறவன்" என்று ஆரம்பித்தார். "எனக்கு முன்னாடி பேசினது என் தங்கச்சி மக. அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா—"

பல் போன இடத்தில் காற்று கசிந்து ஒலிபெருக்கியில் விசில் அடித்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். அவர் இன்னொரு தரம் "ஆனா" என்றார். "பல்லைக் கட்டிக்கிட்டு வாய்யா" என்று ஒருத்தன் குரல் கொடுத்தான். மண்டபமே சிரித்தது. அண்ணனின் கை தானாக வாய்க்குப் போனது. அப்படியே இறங்கிவிட்டார்.

வக்கீல் எழுந்து அந்த ஆளிடம் போனாள். "அவர் எங்க மாமா. அவர் பேசி முடிக்கட்டும்" என்றாள். ஆனால் அண்ணன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

அந்தப் பல் எங்கள் வீட்டில் இருக்கிறது. பஞ்சின் மேல்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வக்கீல் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "ஆனாவுக்கு அப்புறம் மாமா என்னம்மா சொல்ல வந்திருப்பார்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்திரங்களையெல்லாம் இறக்கிக் கழுவி ஏற்றினேன். திரும்பவும் இறக்கினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் போனதும் மிஷின்காரர் சொன்னார்: "பெரியவர் நேத்தே வந்து, சிவப்பு மொத்தத்தையும் தானே ஓட்டிட்டார். பிளேட்டையும் புதுசா போட்டிருக்கார் போல. உங்க கருப்பு வந்தா ஏத்திடலாம்."

ஞாயிற்றுக்கிழமை. தனியாக. என்னைக் கேட்காமல். கோபம் உச்சிக்கு ஏறியது. ஓட்டியே விட்டார். நேற்று முன்தினம் அத்தனை பேர் சிரித்ததற்குப் பிறகும்—

அங்கேதான் கோபம் நின்றுபோனது. நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாய்க்குப் போன அந்தக் கைதான் கண்முன் நின்றது. ஒரு மனுஷன் ஊர் முன்னாலே "ஆனா" என்கிற வார்த்தையோடு நிற்கிறான். மீதியை யாரும் கேட்கவில்லை. என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? வருஷத்தில் ஒரு கட்டம் சிவப்பாக இருக்கட்டும் என்றார். அதன் மேல் நான் கருப்பைக் கொண்டுபோய் ஏற்றி, காய்ந்த ரத்தமாக்கி, வீடு வீடாக மாட்டப் போகிறேனா?

என் மார்ச் பக்கத்தைத் திறந்து பதினெட்டை எடுத்துவிட்டேன். பிளேட்டைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அடுக்கி வைத்திருந்த சிவப்புத் தாள்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இவரிடமும் சொல்லவில்லை. கூரை மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு நான் யார்? கரையில் லாந்தர் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தியா?

செப்டம்பர் 23, செவ்வாய்

கருப்பும் ஓடி முடிந்தது. பெண்கள் தாள்களை அடுக்கி மேலே தகரப் பட்டை அடிக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை, கணக்கு மேஜையே கதி என்று கிடக்கிறேன். அண்ணனும் அந்தப் பக்கம் போவதில்லை. அவருக்கென்ன, ஜெயித்தவர்.

அக்டோபர் 14, செவ்வாய்

அண்ணி வந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். "வீட்டுல ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கார். பல் டாக்டர்கிட்ட போங்கன்னா, 'மாப்பிள்ளை செஞ்சு வச்சிருக்கறப்ப வேற எவன்கிட்ட போறது'ங்கறார். அப்ப மாப்பிள்ளைகிட்ட போங்கன்னா, 'எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு'ங்கறார். நான் இந்த மனுஷனை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"இங்கயும் அதே கதைதான் அண்ணி" என்றேன்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டேன். டிசம்பரில் ஆள் வைத்துப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 5, புதன்

இதை எப்படி எழுதுவது? முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காலண்டர்களெல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. காலையில் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஓட்டை பெருசா இருக்கும்மா, சந்தோஷம். ஆனா மார்ச்ல பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பதுதான் இருக்கு. நடுவுல ஒரு நாளை என்ன பண்ணீங்க?"

ஒரு காலண்டரை உருவி மார்ச்சைப் புரட்டினேன். புதன்கிழமை வரிசையில் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. சிவப்பும் இல்லை, கருப்பும் இல்லை. அழுக்குக்கூட இல்லை.

அண்ணன் மேஜைக்குப் போனேன். எழுபத்தைந்து நாளோ எண்பது நாளோ, அதற்கப்புறம் முதல் தடவையாக நேராகக் கேட்டேன். "சிவப்பு எங்கே?"

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கருப்பு எங்கே?"

"நான் எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தே?"

"நீங்கதான் சிவப்பு போட்டுட்டீங்களே. உங்களுக்காக எடுத்தேன். நீங்க ஏன் எடுத்தீங்க?"

அவர் அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம்னு சொன்னாளே" என்றார். "வீட்டுக்குப் போயும் அதேதான் காதுல. நீ எப்படியும் கருப்பு போடுவேன்னு தெரியும். அதுக்கு அடியில என் சிவப்பு எதுக்குன்னு... ஞாயித்துக்கெழம வந்து எடுத்துட்டு ஓட்டினேன்."

மிஷின்காரரைக் கூப்பிட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பாத்தேனே. நல்லாவே பாத்தேன். நகரசபையே முடிவு பண்ணல, அதனால ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். தகரம் அடிக்கற பொண்ணுங்க கேட்டப்பகூட, 'முதலாளிங்க சமாதானமாயிட்டாங்க போல'ன்னு சொன்னேன்." துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கேக்கலாம்னா யாரைக் கேக்கறது? ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தருக்குச் சொல்லி அனுப்புவீங்க" என்றார்.

அண்ணன் சிரித்தார். கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து சிரித்தார். அந்த ஓட்டை தெரிய. எனக்கு இப்போதுதான் அழுகை வந்தது, நேரம் கெட்ட நேரத்தில்.

நவம்பர் 6, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பல்லை இராவிக்கொண்டிருந்தார். நான் முடிக்கிற வரைக்கும் இராவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப, மச்சான் எங்களுக்காக எடுத்தார். நீ அவருக்காக எடுத்தே."

"ஆமா."

"எங்களுக்காக எடுத்தது உங்க வீட்டு ஆளுதான். நீ இல்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் வேடிக்கை இல்லை. அவர் சொன்னது நிஜம்தானே? பிறகு பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அவரை வரச் சொல்லு. பல்லு காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். "வரேன் வரேன்" என்கிறார் அண்ணன். வரவில்லை. வெட்கம்.

நவம்பர் 10, திங்கள்

காலண்டர்களைத் திரும்ப வாங்கி ரப்பர் ஸ்டாம்பு குத்தலாமா என்று கேட்டேன். "எந்தக் கலர் மையில?" என்றார் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிரிப்பதைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

நகரசபை முடிவு வந்துவிட்டது. மார்ச் 18 இனி "விருப்ப விடுமுறை". வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் வேலைக்குப் போகலாம். இத்தனை மாதம் கூடிக் கூடிப் பேசி எங்கள் வெள்ளைக் கட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். சந்தைத் தெருவில் நிற்கும் மேயர் சிலையைப் பற்றி அடுத்த வருஷம் பேசுவார்களாம். வக்கீல் மேஜையைத் தட்டினாள், "இதுக்குப் பேர் முடிவாம்மா?" என்று. இதை மட்டும் அவளும் அவள் மாமாவும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

ஜனவரி 22, வியாழன்

போகிற இடத்திலெல்லாம் மார்ச்சைப் புரட்டிப் பார்ப்பது ஒரு வியாதியாகிவிட்டது. தையல்கடையில் நீலப் பேனாவால் 18 எழுதியிருக்கிறார்கள். படகுக்காரர் சங்கத்தில் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் ஏதோ பெயர்கள், பொடி எழுத்தில். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை. மருந்துக்கடைக்காரர் அந்தக் கட்டத்தில் கேஸ் சிலிண்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் அச்சகச் சுவரில் மாட்டியிருப்பதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு என்ன செய்வது? அச்சகம் திறக்கிறோமா, மூடுகிறோமா — நான் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு அவர் விடுமுறை எடுத்துக்கொள்ளட்டும். நானும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உட்காரலாம் என்று இருக்கிறேன். போனால் சந்தோஷப்படுவார்.

மார்ச் 18, புதன்

காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எங்கே இங்க? அவர் ப்ரெஸ்ஸுக்குப் போயிட்டாரே. நீ வேலைக்கு வருவேன்னு, உனக்காகத் திறக்கணும்னு சீக்கிரமே போனார்."

அச்சகத்துக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. மிஷின்காரர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "வந்தார். உங்களைக் காணோம்னதும், 'எனக்காக லீவு போட்டுட்டாளா'ன்னு தலையில கையை வச்சுக்கிட்டார். உங்க வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினார்." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ரெண்டு பேரும் தினம் காலையில ஒரு போன் பண்ணிக்கக் கூடாதா?" என்றார்.

சந்தைத் தெருவில் பாதிக் கடை திறந்து, பாதிக் கடை மூடி. மேயர் சிலைக்கு ஒரு மாலைதான் விழுந்திருந்தது. எங்கள் தெருமுனையிலேயே அரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. எல்லா வருஷமும் கேட்கிற சத்தம்தான்.

முன்னறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் பல்லை வைத்துப் பார்த்து, எடுத்து, இரண்டு இழுப்பு இராவி, திரும்ப வைத்தார். வக்கீல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் நிறைய விரல் இருந்ததால் அண்ணனால் என்னிடம் பேச முடியவில்லை. கண்ணால் உட்காரச் சொன்னார். வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"எண்ணுங்க மச்சான்" என்றார் இவர், கண்ணை மூடிக்கொண்டு.

அண்ணன் எண்ணினார். பத்து வரை சாதாரணமாக. அதற்குமேல் கொஞ்சம் மெதுவாக. பதினேழு சொல்லிவிட்டு நின்றுவிட்டார்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "ம். மேல சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். காற்று கசியவில்லை.